டீக்கடை எடுக்கலாமா என்று கேட்ட பெரம்பூர் தம்பிக்கு

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 31. ஃப்ரீசர், கோல்டு ரூம், ஏசி பழுது பார்க்கும் கம்பெனியில் 8 வருஷமாக டெக்னீஷியன். சேமிப்பு 6 லட்சம். "தொழில் வாய்ப்பு சிலர் கண்ணில் மட்டும் எப்படிப் படுகிறது? பட்டது தேறுமா என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? பெரிய நிறுவனங்கள் வேறு மாதிரி செய்கின்றனவா? 5 லட்சத்துக்கு ஒரு டீக்கடை பிராஞ்சைஸ் வருகிறது, எடுக்கலாமா?" என்பது கேள்வி.

நான் வங்கியில் 29 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் அம்பத்தூர், கிண்டி பக்கத்துக் கிளைகளில் சிறுதொழில் கடன் மனுக்களைப் பார்க்கும் நாற்காலியில் கழிந்தது. என் அனுபவத்தில் மனதை இன்னும் உறுத்தும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1998. கொரட்டூரில் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறையில் ஆபரேட்டராக இருந்தவர் ஒரு பழைய மெஷின் வாங்கக் கடன் கேட்டு வந்தார். ஊறுகாய் பாட்டிலுக்கு மூடி செய்யப் போகிறேன் என்றார். மூடிதான் ஆயிரம் பேர் செய்கிறார்களே என்றேன். அவர் பையிலிருந்து ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து காட்டினார். மூடிக்கும் வாய்க்கும் நடுவே வட்டமாக வெட்டிய பிளாஸ்டிக் தாள். "லாரியில் போகும்போது எண்ணெய் கசிகிறது சார். அதுக்காக ரெண்டு பொம்பளைங்க உட்கார்ந்து நாள் முழுக்க இந்தத் தாளை வெட்டி வைக்கிறாங்க. அந்தக் கூலியில பாதியை எனக்குக் கொடுத்தாலே கசியாத மூடி கொடுப்பேன்" என்றார். மூன்று ஊறுகாய்க்காரர்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களும் கையில் இருந்தன. நான் அடமானச் சொத்து கேட்டேன். இல்லை. மனுவைத் திருப்பி அனுப்பினேன். மனைவியின் நகையை வைத்து அவர் மெஷினை வாங்கினார். ஆறு வருஷம் கழித்து நடப்புக் கணக்கு தொடங்க அதே கிளைக்கு வந்தபோது அவரிடம் நான்கு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வெட்டிய தாளைத்தான் நான் அன்று பார்க்கத் தவறினேன். ஒரு ஆள் ஒரு தொல்லையைச் சமாளிக்கத் தன் கைக்காசும் நேரமும் போட்டு அரைகுறையாக ஓர் ஒட்டுவேலை செய்துகொண்டிருந்தால், அங்கே வாய்ப்பு இருக்கிறது. தொல்லை மட்டும் இருந்தால் போதாது. சென்னையில் தொல்லைக்குப் பஞ்சமா? வெறும் புலம்பலுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். ஒட்டுவேலைக்கு ஏற்கெனவே பணம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பணத்தை உங்கள் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

சரி, அந்தத் தாள் மோல்டிங் ஆபரேட்டர் கண்ணில் மட்டும் ஏன் பட்டது? பொருளாதார அறிஞர் இஸ்ரேல் கிர்ஸ்னர் 1973-இல் இதற்கு 'விழிப்பு' என்று பெயர் வைத்தார். சந்தையில் கவனிக்கப்படாமல் கிடக்கும் விலை வித்தியாசத்தைச் சிலர் தேடாமலே கண்டுவிடுகிறார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அதைவிடப் பிடித்தது ஸ்காட் ஷேன் என்ற ஆய்வாளர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான ஒரு முப்பரிமாண அச்சுத் தொழில்நுட்பத்தை எட்டு குழுக்கள் தொழிலாக்கப் பார்த்தன. ஒரே கண்டுபிடிப்பு, எட்டு வெவ்வேறு தொழில் யோசனைகள். ஒவ்வொரு குழுவும் தான் முன்பு எந்தத் துறையில் இருந்ததோ, அந்தத் துறைக்கான பயனைத்தான் அதில் கண்டது. மற்ற ஏழு பேருக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியவே இல்லை. புத்திசாலித்தனத்தைவிட, எங்கே நின்று பார்க்கிறோம் என்பதே தீர்மானிக்கிறது.

நம் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஸ்ரீராம் குழுமம். ஆர். தியாகராஜன் 1974-இல் சென்னையில் சீட்டு நிறுவனமாகத் தொடங்கினார். 1979-இல் லாரிக் கடனுக்கென்று தனி நிறுவனம். பழைய லாரி வாங்க நினைக்கும் டிரைவருக்கு அன்று எந்த வங்கியும் கடன் தராது. சம்பளச் சீட்டு இல்லை, வருமான வரிக் கணக்கு இல்லை, வீடு இல்லை. தனியாரிடம் கொடும் வட்டிக்கு வாங்கித்தான் அவர்கள் வண்டி ஓட்டினார்கள். என்னைப் போன்ற வங்கிக்காரன் அதைப் பார்த்து, இத்தனை வட்டி என்றால் அத்தனை ஆபத்து இருக்கும் என்று ஒதுங்கினான். தியாகராஜன் அதற்கு முன் பல வருஷம் இன்ஷூரன்ஸ் துறையில் இருந்தவர், கணிதம் படித்தவர். ஆபத்தை அளந்து பார்ப்பதே அவர் தொழில். எல்லோரும் பயப்படும் அளவுக்கு அங்கே ஆபத்து இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. லாரியை ஓட்டினால்தான் டிரைவர் வீட்டில் அடுப்பெரியும், வண்டியை இழக்க விடமாட்டான், எப்பாடுபட்டாவது தவணை கட்டுவான். கொடும் வட்டி கட்டியும் அந்த ஆள் தாக்குப்பிடிக்கிறான் என்பதே அந்தத் தொழில் தேறும் என்பதற்குச் சாட்சி. அந்த வட்டிதான் அவனுடைய 'வெட்டிய தாள்'.

இன்னொன்று உங்கள் துறைக்குப் பக்கத்தில் உள்ளது. ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் ராயபுரத்தில் 13,000 ரூபாய் முதலில் அருண் ஐஸ்கிரீமைத் தொடங்கினார். நகரத்துக்குள் ஏற்கெனவே பேர் பெற்றவர்கள் இருந்தார்கள். அவர்களோடு நேருக்கு நேர் மோதாமல், அவர்கள் எட்டிப் பார்க்காத இடங்களுக்குப் போனார்: கல்லூரி விடுதிகள், துறைமுகத்தில் கப்பல்களுக்கு உணவுப் பொருள் சப்ளை செய்பவர்கள், பிறகு சென்னைக்கு வெளியே சிறு ஊர்கள். சிறு ஊரில் ஐஸ்கிரீம் விற்காததற்கு ஆசை இல்லாதது காரணம் அல்ல. உருகாமல் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை. குளிரைக் கொண்டு சேர்ப்பதுதான் அங்கே நிஜமான தொழில், ஐஸ்கிரீம் அதன் மேல் ஏறி வந்தது. தம்பி, குளிர் உங்கள் கைத்தொழில் என்பதால் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

சில வாய்ப்புகள் வலியாக வந்து கதவைத் தட்டும். 1979-இல் வெளிநாட்டில் இதய அறுவை செய்யப் பணம் திரட்ட முடியாமல் ஒரு நோயாளி இறந்ததைப் பார்த்த டாக்டர் பிரதாப் ரெட்டி, 1983-இல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோவைத் திறந்தார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த டிவி உடைந்துபோய், இன்ஷூரன்ஸ் பணத்துக்கு அலைந்த அனுபவம் கிரீஷ் மாத்ருபூதம் மனதில் இருந்தது. அதோடு, ஒரு அமெரிக்க மென்பொருள் கம்பெனி விலையை ஏற்றியதால் வாடிக்கையாளர்கள் கொதித்துப்போயிருந்த செய்தியையும் படித்தார். 2010-இல் சென்னையில், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளாக ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்தது. 2021-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. டிவி உடைந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர் அதற்கு முன் அந்த மாதிரி மென்பொருளைக் கட்டி விற்ற கம்பெனியில் வேலை பார்த்தவர். அதனால்தான் அவருக்கு அந்த டிவி வேறு சேதி சொன்னது.

இனி தேறுமா என்ற கணக்கு. உங்கள் டீக்கடையையே எடுப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டீ 15 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ், கப் போக ஒரு டீயில் 8 ரூபாய் மிஞ்சுகிறது என்போம். மாதம் கடை வாடகை 30,000. இரண்டு ஆளுக்குச் சம்பளம் 36,000. கரண்டு, தண்ணீர், இதர செலவு 6,000. உங்கள் வீட்டுச் செலவுக்கு 30,000. இந்தக் கடைசி வரியைத்தான் பெரும்பாலான மனுக்களில் எழுதவே மாட்டார்கள்; முதலாளி காற்றைக் குடித்தா வாழ்வான்? மொத்தம் 1,02,000. அதை 8-ஆல் வகுத்தால் 12,750 டீ. நாளைக்கு 425. கடைக்குத் தன் பெயரைக் கொடுக்கும் பிராஞ்சைஸ்காரர் விற்பனையில் 5 சதவீதம் எடுத்தால் டீக்கு 75 பைசா போய், 469 ஆகிவிடும். கடையை 14 மணி நேரம் திறந்து வைத்தாலும், மணிக்கு 33, 34 டீ ஓயாமல் போக வேண்டும். அப்போதும் லாபம் என்று ஒன்று வராது, கையைக் கடிக்காமல் தப்பிப்பீர்கள்.

மணிக்கு 33 போகுமா? யாரிடமும் கேட்காதீர்கள். பிராஞ்சைஸ் விற்பவர் போகும் என்பார், மச்சான் போகாது என்பார். அந்தத் தெருவில் இப்போது ஓடும் கடைக்கு எதிரே ஒரு செவ்வாய்க்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் காலை 5 முதல் இரவு 9 வரை நின்று எண்ணுங்கள். மழை நாள் ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனு போட்டவர்களிடம் நான் இதைச் சொல்வேன். பத்துப் பேரில் இரண்டு பேர்தான் போய் நின்றார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் திரும்பி வந்து, "சார், மனுவைக் கொடுத்துடுங்க, வேணாம்" என்றார். அன்று அவர் 4 லட்சம் காப்பாற்றிக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

அடுத்தது, லாபத்தைவிட முக்கியமாக நான் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒன்று: ரொக்கம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது. டீக்கடையில் காலையில் போட்ட பால் காசு மாலைக்குள் கல்லாவுக்கு வந்துவிடும். அந்த வகையில் அது நல்ல தொழில், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அம்பத்தூரில் பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தவர்கள் எத்தனையோ பேர், லாபம் எழுதிய புத்தகத்தோடு என் எதிரில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பில் பாஸ் ஆகி 120 நாள் ஆகியும் பணம் வரவில்லை, சனிக்கிழமை ஆளுக்குக் கூலி கொடுக்க வழியில்லை. தொழில் படுப்பது பெரும்பாலும் நஷ்டத்தால் அல்ல, பாக்கியால். 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் குறு, சிறு தொழில்களுக்குப் பணம் தர வேண்டும். தாமதித்தால், பணம் கொடுக்கும் வருஷத்தில்தான் அந்தச் செலவை வாங்கியவர் தன் வருமான வரியில் கழிக்க முடியும் என்ற விதியும் 2024 ஏப்ரலிலிருந்து வந்திருக்கிறது. இதெல்லாம் உங்களுக்குப் பொருந்த 'உத்யம்' என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு வேண்டும். கட்டணம் கிடையாது, போட்டு வையுங்கள். ஆனாலும் சட்டத்தை நம்பிப் பாக்கி விடாதீர்கள்.

மானியத்தைப் பற்றி ஒரே வார்த்தை. முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டம் இருக்கிறது, மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். தேறும் தொழிலுக்கு அது நல்ல துணை. மானியம் கிடைக்கிறதே என்று தொழிலைத் தேர்ந்தெடுத்தவர்களில் நிலைத்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

பெரிய நிறுவனங்கள் வேறு மாதிரி செய்கின்றனவா என்று கேட்டிருந்தீர்கள். அவர்களிடம் பணமும் ஆளும் இருக்கும், கண் மட்டும் பழைய வாடிக்கையாளர் மேலேயே இருக்கும். ஷாம்பு முழு பாட்டிலாக விற்றுக்கொண்டிருந்த காலத்தில், மாதம் ஒரு பாட்டில் வாங்கும் வீடுதான் கம்பெனிகளின் கணக்கில் 'சந்தை'. தினக்கூலி வாங்கும் வீட்டில் பாட்டிலுக்குக் கொடுக்க மொத்தமாகப் பணம் இருக்காது, ஒரு குளியலுக்கு இருக்கும். கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் அதைக் கண்டு சிறு பாக்கெட்டில் அடைக்கும் முயற்சியில் இறங்கினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாக வந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அவர் செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த கம்பெனி ஷாம்பு ஆனாலும் ஐந்து காலி பாக்கெட் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். ஏற்கெனவே ஷாம்புவுக்குக் காசு செலவழிக்கும் ஆள் யார் என்று அந்தக் காலி பாக்கெட்டே காட்டிக்கொடுத்துவிட்டது. பழக்கம் ஒட்டிக்கொண்ட பிறகு, சிக் பாக்கெட் கொண்டு வந்தால் மட்டும் என்று மாற்றினார்.

ஓடும் நிறுவனம் கண்ணைத் திருப்பிக்கொண்டதற்கு ஸோஹோவைச் சொல்லலாம். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொலைத்தொடர்புச் சாதனக் கம்பெனிகளுக்கு மென்பொருள் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2000-த்தை ஒட்டி அந்தக் கம்பெனிகள் சரிந்தபோது வாடிக்கையாளர்களே காணாமல் போனார்கள். கையில் மிஞ்சியது நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருள் எழுதத் தெரிந்த ஆட்கள். அதே திறமையைச் சாதாரண அலுவலகங்களின் கம்ப்யூட்டர் பிரிவுகளுக்குத் திருப்பினார்கள். அதில் வந்த பணத்தில் 2005-இல் ஸோஹோ என்ற பெயரில் இணையவழி அலுவலக மென்பொருள்களைத் தொடங்கினார்கள். தெரிந்த வேலையை வைத்துக்கொண்டு வாங்குபவரை மாற்றினார்கள், பிறகு விற்கும் பொருளை மாற்றினார்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றவில்லை. உங்கள் டீக்கடை யோசனையில் எனக்குள்ள பெரிய வருத்தமே இதுதான். வேலையும் புதுசு, வாங்குபவரும் புதுசு, இடமும் புதுசு. எட்டு வருஷத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறீர்கள்.

அதனால் டீக்கடை வேண்டாம் என்றே சொல்கிறேன். அந்த 5 லட்சத்தைத் தொடாதீர்கள். 6 லட்சத்தில் 50,000 மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். போனால் தூக்கம் கெடாத தொகையாக இருக்கட்டும். வாய்ப்பைத் துரத்தும்போது எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதைக் கடைசியில் கேளுங்கள். எவ்வளவு போனால் குடும்பம் தாங்கும் என்பதை முதலில் கேளுங்கள். அந்த 50,000-க்கும் ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் ஒரு வேலை தருகிறேன்.

உங்கள் பையில் இருக்கும் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளை நினைத்துப் பாருங்கள். எந்தக் கடையில் எதை ஒட்டுவேலை செய்து ஓட்டுகிறார்கள்? எனக்கே வெளியிலிருந்து சில தெரிகின்றன. இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். தெருமுனை மருந்துக்கடையில் அது வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, கரண்டு போனால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைக்கிறார்கள். மே மாதம் இரவு 10 மணிக்குக் கறிக்கடை ஃப்ரீசர் நின்றால், பக்கத்துக் கடைக்காரர் பெட்டியில் கெஞ்சி இடம் வாங்குகிறார்கள், மறுநாள் மெக்கானிக் வரும்வரை பனிக்கட்டிக்குக் காசு. ரத்தப் பரிசோதனைக் கூடங்கள், கல்யாணச் சமையல்காரர்கள், காசிமேட்டிலிருந்து எடுத்து வந்து சில்லறையில் மீன் விற்பவர்கள் என்று உங்களுக்கு இதில் நூறு தெரியும். ஐஸ்கிரீம் கடையை மட்டும் பட்டியலில் சேர்க்கும் முன் பெட்டி யாருடையது என்று கேளுங்கள். கம்பெனி கொடுத்த ஃப்ரீசர் என்றால் பழுதும் பெரும்பாலும் கம்பெனி பொறுப்பு, கடைக்காரர் உங்களுக்குக் காசு தர மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலைத் தொடாதீர்கள். அவர்கள் ஸ்பேர் பாகத்தை எடுக்காதீர்கள், அவர்கள் நேரத்தில் போகாதீர்கள். வேலையை விட்ட பிறகு அதே தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை 1872 ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. வேலையில் இருக்கும்போது போட்டியாக இறங்குவது வேறு விஷயம், அது தவறு. நியமனக் கடிதத்தில் வெளிவேலைக்குத் தடை இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். உங்கள் கம்பெனி சிறு கடைகளுக்குப் போவதே இல்லை என்றால் சொல்லிவிட்டே செய்யலாம். சில முதலாளிகள் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.

பெரம்பூர், வியாசர்பாடி, அயனாவரத்துக்குள் 40 கடைகளை எழுதுங்கள். வண்டியில் 20 நிமிஷத்தில் போய்ச் சேரக்கூடிய வட்டம் போதும். ஒவ்வொரு கடையிலும் மூன்று கேள்வி மட்டும்: போன வருஷம் எத்தனை முறை நின்றது, சரக்கு எவ்வளவு கெட்டது, சரி செய்ய எவ்வளவு கொடுத்தீர்கள். உங்கள் யோசனையைச் சொல்லாதீர்கள். சொன்னால் முகத்துக்காக "நல்லா இருக்கு தம்பி" என்பார்கள், அந்த வார்த்தையை வைத்து ஒரு போல்ட் வாங்க முடியாது. பதில்களை நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் முறை போகும்போது, இரவு 11 மணிக்குள் கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் வருவேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்டென்சர் சுத்தம் செய்து, கேஸ் பார்த்துத் தருவேன், வருஷத்துக்கு இவ்வளவு, பாதி முன்பணம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

40 பேரில் 6 பேர் முன்பணம் கொடுத்தால் எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இரவு வேலைக்கு ஒரு உதவியாளைப் பிடிப்பது, சீசன் இல்லாத நவம்பர், டிசம்பரை எப்படிக் கடப்பது, கம்ப்ரஸர் ஸ்பேரை எவ்வளவு ஸ்டாக் வைப்பது என்ற கணக்கை உட்கார்ந்து போடலாம். யாருமே முன்பணம் தரவில்லை என்றால் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். வேலையும் கையில் இருக்கும், ஐந்தரை லட்சமும் இருக்கும். ஏப்ரலில் வெயில் ஏறும் முன் போணி ஆக வேண்டும் என்றால், கடைகளைப் பார்க்கும் வேலையைப் பொங்கல் முடிந்த முதல் ஞாயிறே தொடங்கிவிடுங்கள்.